தட்டு விழுந்த இடத்தில் நீ சிரித்தாய்

தம்பி, நீ நாலு பேர் நடுவில் சிரித்தாய். அதனால் நானும் நாலு பேர் படிக்கும்படியே உனக்கு எழுதுகிறேன். வீட்டு விஷயத்தைக் கவருக்குள் வைத்து ஒட்டி அனுப்புவதுதான் முறை என்று உன் அம்மா சொன்னாள். முறைதான். ஆனால் நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோயிருக்கிறது. நம் பக்கத்தில் கல்யாணம் நின்றால் ஊர் முதலில் பெண்ணைத்தான் திரும்பிப் பார்க்கும். பெண்ணுக்கு ஏதோ வலிப்பாம் என்று சிவகாசி பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். காது மந்தமாம் என்று விருதுநகரில் பருப்பு மண்டி வாசலில் இன்னொருவர் சொன்னார். இரண்டு பேருக்கும் நான் யாரென்று தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் பிழைப்பு. ஊரார் வீட்டில் நடந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். என் வீட்டில் நடந்ததை மட்டும் மூடி வைத்தால் நான் நிருபனே இல்லை. பெண்ணின் பெயரை எழுதப்போவதில்லை. உனக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

முதலில் நீ ரயிலேறிய நாளைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டி வந்து நின்றது. பெட்டியை ஏற்றினோம். உன் அம்மா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டாய். கார்டு கொடி காட்டும்வரை பம்பாய் மழையைப் பற்றிப் பேசினாய். வண்டி அசைந்த பிறகு சொன்னாய்: "அப்பா, இது எனக்குச் சரிப்படாது. பாட்டுக் கேக்கத் தெரியாத பொண்ணோட ஒரு வீட்டுல இருக்க முடியாது. அவுககிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க." அவ்வளவுதான். யாரும் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னாய். பெற்றவர்கள் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உன் அம்மாவோடு வீட்டுக்கு நடந்து திரும்பினேன். தெப்பக்குளத்துப் பக்கம் வந்ததும் நின்றாள். "ஏங்க, பாட்டுக் கேக்கத் தெரியாத என்னோட நீங்க இம்புட்டு வருசம் குடித்தனம் பண்ணலையா?" என்று கேட்டாள்.

"அதை உன் மகன்கிட்டக் கேளு" என்றேன்.

"எம் மகனா? அந்தப் பீப்பீப் பெட்டிக்கு முன்னால உக்கார வச்சு வளத்தது நீங்க. நான் சோறுதான் போட்டேன்."

அவள் சொன்னது சரி. அந்த ரிக்கார்டுப் பெட்டி நம் வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் செய்தி சேகரிக்கத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அடிக்கடி போவேன். அங்கே ஒரு கோவாக்காரர் பழக்கமானார். சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். அவருக்குச் சிவகாசிக் காலண்டர் மேல் தீராத ஆசை. மாதா படம், மயில் மேல் முருகன், ரோஜாப்பூவை முகர்ந்துகொண்டு நிற்கும் பெண், எதுவானாலும் சரி, கப்பலில் தன் அறைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார். அச்சகங்களில் மிஞ்சிய தாள்களை நான் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் வெளிநாட்டுத் துறைமுகங்களில் வாங்கிக் கேட்டுச் சலித்த எல்.பி. இசைத்தட்டுகளை எனக்குக் கொடுப்பார். ஜாஸ் என்ற சங்கீதம் விருதுநகரில் நம் தெருவுக்கு வந்தது இப்படித்தான், சாமி படத்துக்குப் பண்டமாற்றாக.

முதல் தட்டைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போலிருந்தது. அடுத்த தடவை கப்பல் வந்தபோது அவரிடம் அதைச் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த துறைமுகத் தமிழில் சொன்னார்: "ஒருத்தன் ஊதுறான்ல, அவனை விடு. அவன் ஊதும்போது மத்தவன் என்ன செய்றான், அதைக் கேளு." வீட்டுக்கு வந்து அப்படியே கேட்டேன். சாக்ஸபோன்காரர் தன்னை மறந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். பின்னால் பெரிய வயலின் போன்ற கருவியை விரலால் சுண்டிக்கொண்டிருந்தவர் அவர் திரும்பி வருகிற வழியைக் கலைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். மேளக்காரர் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் லேசாகத் தட்டினார். எனக்குக் கதவு திறந்தது அன்றைக்குத்தான். உனக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து நாம் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு கேட்போம். "இப்ப பியானோ என்ன செய்யுது?" என்று கேட்பேன். "சும்மா இருக்குப்பா" என்பாய். "ஏன் சும்மா இருக்கு?" என்பேன். யோசித்துவிட்டு, "அவரு பேசி முடிக்கட்டும்னு இருக்கு" என்றாய் ஒருநாள். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அடுத்தவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பதைச் சின்ன வயதிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவன் நீ. அது உனக்குத் தட்டில் மட்டும்தான் கேட்கிறதா?

நம்மிடம் இருந்த தட்டுகளில் இரண்டு உனக்கு நன்றாக நினைவிருக்கும். ஒன்று ஸ்டுடியோவில் பதிந்தது. மெதுவான பாட்டுகள். மேளத்தைக் குச்சியால் அடிக்காமல் கம்பித் தூரிகையால் வருடியிருப்பார்கள். அரிசி புடைக்கிற சத்தம் மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா சொல்வாள். சாக்ஸபோன் ஊதுபவரின் மூச்சு, அவர் விரல் கட்டையில் படுகிற சத்தம் எல்லாம் கேட்கும். மூடிய அறைக்குள் திரும்பத் திரும்ப வாசித்து, சரியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டது அது. இன்னொன்று ஒரு கிளப்பில், ஆட்கள் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போது பதிந்தது. பியானோ, அந்தப் பெரிய தந்தி வாத்தியம், மேளம், மூன்று பேர். இரண்டாம் பக்கத்தில், பாட்டு நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது, பரிசாரகன் ஒருவன் கண்ணாடி டம்ளர்கள் அடுக்கிய பெரிய தட்டைத் தவறவிடுவான். படாரென்று ஒரு சத்தம். உடனே ஒரு பெண்ணின் அலறல். பிறகு கூட்டத்தின் சலசலப்பு. பியானோக்காரர் ஒரு கணம் கையை எடுத்துவிடுவார். பிறகு அந்தச் சிதறல் எப்படிக் கேட்டதோ அதே மாதிரி மேலிருந்து கீழே நாலைந்து சுரங்களை உருட்டிவிட்டு, அதிலிருந்தே பாட்டைத் தொடர்வார். கூட்டம் கைதட்டும். அந்த இடத்துக்காகவே அந்தத் தட்டை வருஷக்கணக்காகக் கேட்டோம். ஸ்டுடியோவாக இருந்தால் அதை வெட்டி எறிந்திருப்பார்கள்.

பிறகு நீ பம்பாய்க்கு வேலைக்குப் போனாய். நம்மூர் அச்சகங்களுக்கு மை அனுப்புகிற கம்பெனியில் நல்ல உத்தியோகம். அங்கே ஓட்டல்களில் நேரிலேயே ஜாஸ் கேட்கலாம் என்று எழுதினாய். நான் வந்தபோது ஒரு மாலை கூட்டிப்போனாய். நம் கப்பல்காரரின் ஊர்க்காரர்கள்தான் மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசித்தார்கள். டிரம்பெட் ஊதியவர் முன் நெற்றி வழுக்கை, தடித்த உருவம். ஊதும்போது செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு குஜராத்திக் குடும்பம், கைக்குழந்தையோடு. குழந்தை ஸ்பூனால் தட்டைத் தட்டியது. நீ திரும்பி, "குழந்தையை வெளியில் கொண்டுபோங்கள், இது சத்திரம் இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னாய். அந்த அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். டிரம்பெட்காரர் அந்தத் தட்டலுக்கு ஏற்றபடி ஊதத் தொடங்கியிருந்தார், நீ கவனிக்கவில்லை. வாசலுக்குப் போகும் குழந்தையைப் பார்த்தபடி அவர் வாசிப்பை மாற்றிக்கொண்டார். அறைக்குத் திரும்பும்போது, "லைவ் மியூசிக்தாம்பா உசிரு, ஸ்டுடியோ ரிக்கார்டெல்லாம் செத்த பொணம்" என்று எனக்கு வகுப்பெடுத்தாய். உயிருள்ளது என்றால் அதில் குழந்தை இருக்கும், ஸ்பூன் இருக்கும், பசித்தவன் சாப்பிடுகிற சத்தம் இருக்கும். உனக்கு வேண்டியது உயிரில்லை. லைவ் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை. பம்பாய்ச் சிநேகிதர்களிடம் வாங்கிய வார்த்தை அது. ஸ்டுடியோத் தட்டில் அந்த மூச்சு கேட்கிறதே, அது எந்த ஓட்டலிலும் எந்த மேசையிலும் உனக்குக் கேட்காது. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றைத் தூக்கிப் பிடிக்க இன்னொன்றை மிதிக்க வேண்டியதில்லை.

இனி சிவகாசி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே சத்தம் என்றால் என்ன என்பது உனக்குத் தெரியாததில்லை. பட்டாசு செய்கிற வெடிக்கட்டு ஆபீஸில் சாம்பிள் கொளுத்திப் பார்க்கும் சத்தத்துக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். அதற்கு நேரமும் இடமும் உண்டு, ஒழுங்கும் உண்டு. நேரங்கெட்ட நேரத்தில் ஒரே ஒரு சத்தம் வந்தால் தெருவே வெளியே வரும். எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். எந்தத் திசையில் புகை ஏறுகிறது என்று பார்ப்பார்கள். திசை தெரிந்தால் எந்தக் கம்பெனி என்று தெரியும். கம்பெனி தெரிந்தால் யார் வீட்டு ஆள் என்று தெரியும். அப்புறம் ஓட்டம். நான் எத்தனையோ முறை அந்த ஓட்டத்துக்குப் பின்னால் சைக்கிளில் போயிருக்கிறேன். வீடு திரும்பும்போது சட்டையில் கந்தக நெடி அடிக்கும். உன் அம்மா கிணற்றடியிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள். நீ துண்டு கொண்டுவந்து கொடுப்பாய். "எந்தப் பக்கம்பா?" என்று கேட்பாய். அந்தக் கேள்வி உனக்கும் தெரிந்ததுதான். பம்பாய்க்காரன் யாராவது அன்றைக்குச் சிரித்திருந்தால் தெரியாமல் சிரித்தான் என்று விட்டிருப்பேன்.

நிச்சயம் முடிந்து நீ லீவில் வந்திருந்தாய். தீபாவளி சீசன், கம்பெனிகளில் வேலை மும்முரம். பெண்ணின் அப்பா திருத்தங்கல் பக்கம் சின்ன வெடிக் கம்பெனி வைத்திருப்பவர். மத்தியான விருந்துக்கு நம்மை வீட்டுக்கு அழைத்தார். நீ அந்த மூடி போட்ட ரிக்கார்டு பிளேயரையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டாய். எனக்குச் சந்தோஷம்தான். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குத் தனக்குப் பிடித்ததைக் கேட்கக் கொடுக்க நினைக்கிறான் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்தது. கூடத்தில் பாய் விரித்தார்கள். நீ முதலில் போட்டது பம்பாயிலிருந்து கொண்டுவந்த புதுத் தட்டு. ராக் என்கிறார்கள், ஆனால் கத்தல் கிடையாது. இரண்டு கிட்டார், சேர்ந்து பாடும் இரண்டு மூன்று குரல்கள், மென்மையான பாட்டுகள். அந்தப் பெண் தூணோரம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டு முடிந்ததும், "இதை இன்னொரு தடவை போடுவீகளா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கா?" என்றேன்.

"பிடிச்சிருக்கு மாமா. ரெண்டு பேரு பாடுறாகள்ல, ஒருத்தரு கீழ போனா மத்தவரு மேல போறாரு. மோதிக்கிடவே மாட்டேங்காக."

கோவாக்காரர் சொல்லி எனக்குப் பிடிபட்டது அவளுக்கு முதல் தட்டிலேயே பிடிபட்டுவிட்டது. நீ என்ன சொன்னாய்? "இது காப்பி குடிக்கும்போது கேக்குற சரக்கு. இப்ப ஒண்ணு போடுதேன், அதுதான் மியூசிக்." கிளப் தட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டாய்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. மேளம் தனியாக வாசிக்கும் இடம் நீண்டுகொண்டே போனபோது, "இவுக யார்மேல கோவமோ, இந்தப் போடு போடுதாக" என்று அம்மாவின் காதில் சொன்னாள். எனக்கும் கேட்டது. நான் சிரித்தேன். உனக்கும் கேட்டது. நீ சிரிக்கவில்லை. பிளேயரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாய்.

பிறகு அந்தத் தட்டு விழுந்தது.

நம் வீட்டில் ஒருநாளும் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. கண்ணாடி சிதறிய சத்தம் கூடத்துச் சுவரில் மோதியது. அந்த வெளிநாட்டுப் பெண்ணின் அலறல் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. தூணோரம் இருந்தவள் எழுந்தது எனக்குத் தெரியவில்லை. பார்க்கும்போது பின்கட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கையில் வெற்றிலைத் தட்டோடு அவளுக்குப் பின்னால். அவள் அப்பா செருப்பில்லாமல் முன்வாசலுக்கு ஓடிவிட்டார். தெருவில் கதவுகள் திறந்தன. "எந்தப் பக்கம்? ஏலே, எந்தப் பக்கம்?" என்று யாரோ கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாளின் இரண்டு மகள்களும் திருத்தங்கல் பக்கம் திரி வெட்டப் போகிறவர்கள். அந்த அம்மாள் உலையில் போட்ட அரிசியைக்கூடப் பார்க்காமல் கம்பெனி இருக்கும் திசைக்கு, மத்தியான வெயிலில், வெறுங்காலோடு ஓடினார்.

நீ ஊசியைத் தூக்கிவிட்டுச் சிரித்தாய். லேசான சிரிப்பில்லை. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாய். "அமெரிக்காவுல தட்டு விழுந்ததுக்குச் சிவகாசியில ஓடுதாகப்பா! டம்ளர் ஒடையுறதுக்கும் வெடிக்கும் வித்தியாசம் தெரியல!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய், நானும் சேர்ந்து சிரிப்பேன் என்பது போல. அந்தப் பெண் பின்வாசலிலிருந்து திரும்பி வந்து உன்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையாயிற்றே என்று அவரும் சிரிக்க முயன்றார். "கல்யாணத்துக்கு வெடி தனியா வேண்டாம் போலிருக்கு. மாப்பிள்ளை பெட்டியே போதும்" என்றார். எதிர்வீட்டு அம்மாளை நிறுத்தச் சைக்கிளில் ஆள் போனது. அவர் திரும்பி வரும்வரை நீ காத்திருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய்.

பஸ்ஸில் உன்னைத் திட்டினேன். "ஒரு ஜோக்குக்கு இம்புட்டா?" என்றாய். ரயிலேறும்போது கல்யாணமே வேண்டாம் என்றாய்.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல நான் சிவகாசிக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். உன் அம்மாவும் வந்தாள். நீ விட்டுப்போன ரிக்கார்டுப் பெட்டியையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டோம். அதை ஏன் தூக்குகிறேன் என்று அவள் கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. அந்தத் தட்டின் மீதிப் பாட்டு அந்தக் கூடத்தில் பாக்கியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது. முதலில் எதிர்வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாளின் உள்ளங்கால் கொப்புளங்கள் அப்போதுதான் வற்றிக்கொண்டிருந்தன. "ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் அங்கனயே ரோட்டுல உக்காந்து அழுதேங்க. அதுல என்ன, சந்தோசத்துலதான்" என்றார். உன் அம்மா அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

பெண் வீட்டில் அவள் அப்பா, "பெரியவுக நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்? சின்னப் புள்ளைக வெளையாட்டு" என்றார். பேச்சை அதோடு முடித்துவிட்டு, முகூர்த்த நாளைப் பற்றிக் கேட்டார். அப்போது அந்தப் பெண் வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னைக்கு அந்தப் பாட்டைப் பாதியிலேயே தூக்கிட்டாக. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்னாச்சுன்னு கேக்கணும்."

போட்டேன். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தேன். தட்டு விழுந்தது, அந்த வெளிநாட்டுப் பெண் அலறினாள். இவள் விரல் பாயின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. பியானோ நின்றது. பிறகு அந்த நாலைந்து சுரங்கள் உருண்டு இறங்கின. கூட்டம் கைதட்டியது. அலறிய பெண்ணின் சிரிப்பும் அதில் கேட்டது. இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பை நான் கவனித்ததே இல்லை, இவள்தான் சொன்னாள். "அந்தா, சிரிக்காக. அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகல." அவள் முகம் தெளிந்தது. "வாசிக்கிறவரு கெட்டிக்காரரு. தட்டைப் போட்டவனை ஏசாம அவனையும் பாட்டுல சேத்துக்கிட்டாரு. ஆனா மேளந்தான் மாமா, அது எனக்கு ஆகாது."

உன் அம்மா, "எனக்கும் ஆகாது தாயி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தட்டு முடிந்தது. ஊசியை எடுத்து வைத்தேன். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? மனசுல வச்சுக்கக் கூடாது. அந்த எடம் வரப்போகுதுன்னு உங்க மகனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அதுக்கு முன்னாடி அவுக கை திருகைத் திருப்புனதை நான் பாத்தேன். சத்தத்தைக் கூட்டுனாக."

தம்பி, அதை நான் பார்க்கவில்லை. பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு ஏன் அவ்வளவு சத்தம் என்று யோசித்தேன். கூடம் பெரியது, ஓடு வேய்ந்தது, அதனால் இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மேளத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு வெடிக்காரர் வீட்டில் தெரிந்தே அந்தச் சத்தத்தை வைத்தாய். பம்பாயில் சிநேகிதர்கள் துள்ளுவதைப் பார்க்க இதே மாதிரி செய்வேன் என்று நீ எப்போதோ பெருமையாகச் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு அந்தக் கூடத்தில் தலை நிமிரவில்லை.

அவள் அப்பாவைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். "தெரியாமச் சிரிச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேம்ப்பா. எங்க பயம் அவுகளுக்கு வேடிக்கையா இருக்கு. நாளைக்கு நெசமாவே சத்தம் கேட்டு நான் ஓடுனாலும், அவுக முதல்ல என் முகத்தைத்தான் பாப்பாக. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அவள் அப்பா என்னைப் பார்த்தார். நிச்சயமான பெண், பேச்சு வரும், தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்பதெல்லாம் அவர் முகத்தில் இருந்தது. அவர் பேசுவதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டாள். "அவ சொன்னதுதான் சரி. நாங்களே வேண்டாம்னு ஊருல சொல்லிக்கிடுவோம்னு நினைக்காதீக. அவதான் வேண்டான்னா. அதையே சொல்லுங்க" என்றாள். அந்த மென்மையான பாட்டுத் தட்டை அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். அது உன்னுடையதுதான். கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நீ வேண்டாம் என்றதால் இந்தக் கல்யாணம் நிற்கவில்லை. அவள் வேண்டாம் என்றதால் நின்றது. நீ ரயிலில் சொன்னதை நான் யாரிடமும் சேர்க்கவே இல்லை. உன் கணக்கில் வைத்துக்கொள்ள அதைக்கூட உனக்குத் தர எனக்கு மனமில்லை.

இனிமேல் நீ எந்த ஓட்டலிலும் எந்த மேசையிலும் உட்கார்ந்து கேள். எந்தத் தட்டை வேண்டுமானாலும் வாங்கு. எதில் எந்த வருஷம் யார் வாசித்தார்கள் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவன் என்று என் முன்னால் சொல்லிக்கொள்ளாதே. பெட்டிக்கு வெளியே ஒரு தெருவே கத்தியது. உனக்குக் கேட்கவில்லை. ஒருத்திக்குப் பிடிக்காததை அவளுடைய குறையாக்கினாய். அவளுடைய பயத்தை உன் ரசனைக்குச் சான்றாக்கினாய். உன் அம்மாவுக்கும் இந்தச் சங்கீதம் பிடிக்காது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்களைக் கதவை ஒருக்களித்துவிட்டு நாம் கேட்டு முடிக்கும்வரை பாத்திரம் கழுவாமல் இருப்பாள். அதை நீ ஒருநாளாவது கவனித்தாயா? தீபாவளிக்கு வருவதானால் சிவகாசியில் இறங்கி எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்துவிட்டு வா. பெண் வீட்டுக்குப் போகாதே. அங்கே உனக்கு வேலையில்லை.

இதை எழுத உட்கார்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காரியாபட்டியிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் நம் வீடு தேடி வந்தார்கள். மகனுக்கு அந்தப் பெண்ணைக் கேட்க நினைக்கிறார்களாம். கேட்கும் முன் விசாரிப்பது வழக்கம். சம்பந்தம் விட்டுப்போன இடத்திலேயே விசாரித்தால் உண்மை தெரியும் என்று வந்திருக்கிறார்கள். காப்பி குடித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஒளிக்காமச் சொல்லணும். பொண்ணுகிட்ட என்ன கொறை?"

"பொண்ணுகிட்ட ஒரு கொறையும் இல்லை. கொறை எம் மகன்கிட்ட" என்றேன். தட்டிலிருந்து திருகுவரை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டார். உன் அம்மா கதவோரம் நின்று, நான் விட்ட ஓரிரு இடங்களை எடுத்துக்கொடுத்தாள்.

அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "பெத்த புள்ளையைப் பத்தி வெளியாள்கிட்ட இப்படிச் சொல்லுதீகளே, நாளைக்கு அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்றார், உண்மையான கவலையோடு.

"அது அவன் பாடு. நீங்க மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் பத்தாது, இதை அச்சுலயும் போடப்போறேன்" என்றேன்.

போட்டுவிட்டேன்.

உன் அப்பா